ஒரு நாய், ஐந்து பேர், ஐந்து சட்டம்

கேள்வி: எங்கள் வீட்டில் 11 மாத லாப்ரடார் இருக்கிறான், பெயர் ஜிம்மி. நான், கணவர், மாமனார், 13 வயது மகன், 8 வயது மகள் என ஐந்து பேர். பயிற்சி கொடுப்பது நான் ஒருத்திதான். சோபாவில் ஏறக்கூடாது என்று நான் இறக்கிவிடுவேன், இரவில் டிவி பார்க்கும்போது கணவர் "வாடா" என்று பக்கத்தில் ஏற்றிக்கொள்வார், வெள்ளைச் சட்டை போட்டிருக்கும் நாளில் மட்டும் "இறங்கு, சனியனே" என்று தள்ளுவார். சாப்பிடும்போது எதுவும் கொடுக்காதீர்கள் என்பேன், மாமனார் மேசைக்கடியில் கையை நீட்டுவார். மகன் அவனைத் தோளில் கால் போட வைத்து விளையாடுகிறான். முக்கியமான போன் வந்தால் குரைப்பை நிறுத்த நான் ஒரு பிஸ்கட் போடுவேன். "டவுன்" என்ற சொல்லையே ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்கிறோம், மாமனார் "கீழே போ" என்பார். போன வாரம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் ஜிம்மி தாவித் தள்ளியதில் அவள் உதடு கிழிந்து இரண்டு தையல். "இது மண்டையில் ஏறாத நாய், யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்கிறார் கணவர். செருப்பைக் கடித்த அன்று மாலையில் அதைக் காட்டி அவர் திட்டியதும் ஜிம்மி தலையைக் குனிந்து காதை மடித்து நின்றான், "தப்பு என்று தெரிந்தே செய்கிறான் பார்" என்றார். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் போல நாமும் அடக்கி வைக்க வேண்டுமாம். நான் சொன்னால் கேட்கிறான், மற்றவர்கள் சொன்னால் கேட்பதில்லை. ஆளுக்கொரு சட்டம் போட்டதில் நாய் குழம்பிவிட்டதா? எல்லோரையும் ஒரே மாதிரி நடக்க வைப்பது எப்படி?

பதில்: முதலில் மகளின் உதடு. அது ஆறும் வரைக்கும், ஆறிய பிறகு இன்னும் சில வாரங்களுக்கும், அவள் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் ஜிம்மி கயிற்றில் இருக்க வேண்டும், கயிறு ஒரு பெரியவர் கையில் இருக்க வேண்டும். இதற்கு வீட்டில் யாருடைய சம்மதமும் தேவையில்லை, எந்தப் பயிற்சியும் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம். அந்த வயது லாப்ரடார் பெரும்பாலும் 25 கிலோவைத் தொட்டிருக்கும், 8 வயதுக் குழந்தையும் ஏறத்தாழ அவ்வளவுதான். உங்கள் எடையே உள்ள ஒருவர் ஓடி வந்து உங்கள் மேல் விழுந்தால் நீங்களும் தரையில்தான் கிடப்பீர்கள். ஜிம்மிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாசம்தான், ஆனால் பாசத்தாலும் தையல் விழும்.

சரி, இப்போது குழப்பத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே ஒரு பதில் ஒளிந்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. இன்று இரவு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது ஜிம்மி எங்கே போய் உட்காருகிறான் என்று மட்டும் பாருங்கள். மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில், அதிலும் அவர் கை நீட்டுகிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். உங்கள் நாற்காலிப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டான். நீங்கள் அறைக்குள் வந்தால் சோபாவிலிருந்து இறங்கிவிடுவான், நீங்கள் தூங்கப் போன பிறகு ஏறுவான். மகனைப் பார்த்தால் முன்னங்கால் தானாகத் தூக்கும். இதற்குப் பெயர் குழப்பமா? ஐந்து பேரையும் தனித்தனியாகப் படித்து, ஆளுக்கொரு பாடம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஒரு மாணவன் உங்கள் வீட்டில் இருக்கிறான். மண்டையில் ஏறாத நாய் என்கிறாரே உங்கள் கணவர், அந்த மண்டையில் உங்கள் குடும்பமே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

விலங்குகள் மனிதர்களை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதற்கு நூறு வருடங்களுக்கு மேலாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு, உண்மைக் கதைதான். ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை. கணக்குக் கேட்டால் சரியான விடை வரும் வரை குளம்பைத் தட்டும், விடை வந்ததும் நிறுத்திவிடும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907இல் அதை ஆராய்ந்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் உடலிலும் தலையிலும் ஒரு சின்ன அசைவு, ஓர் இறுக்கம் தளர்வது. குதிரை பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். கேட்டவர்களுக்குத் தாங்கள் அசைந்ததே தெரியாது. குதிரைக்கே இது முடியும் என்றால், பல்லாயிரம் வருடங்களாக நம்மோடு வாழும் நாய்க்கு உங்கள் மாமனாரின் தோள் இறங்குவது தெரியாதா?

அப்படியானால் பிரச்சினை எங்கே? ஆளுக்கு ஆள் வேறுபடுவது பாதிப் பிரச்சினைதான், பல நேரம் அதுகூட இல்லை. ஒரே ஆள் நாளுக்கு நாள் வேறுபடுவதுதான் பெரியது. உங்கள் கணவர் தினமும் சோபாவில் ஏற்றுகிறாரா? இல்லை, வெள்ளைச் சட்டை போட்டிருக்கும் நாளில் "இறங்கு, சனியனே" என்று தள்ளுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமனாரும் மூன்று நாள் கொடுப்பார், நீங்கள் முறைத்த நாளில் கொடுக்க மாட்டார், அடுத்த நாள் மறுபடி கொடுப்பார். 1950களில் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் புறாக்களை வைத்து ஆண்டுக்கணக்கில் செய்த சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம் இது: கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்துப் பழகிய பறவை, தானியம் நின்றதும் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் எப்போதாவது கிடைத்துப் பழகிய பறவை, தானியம் நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். லாட்டரி வாங்குகிறவரை யோசித்துப் பாருங்கள், நேற்று விழவில்லை என்பதால் அவர் இன்று நிறுத்துவதில்லை. "எப்போதாவது ஒரு தடவைதானே கொடுக்கிறேன்" என்று உங்கள் மாமனார் சொல்வது அவருக்குச் சாதகமான வாதம் மாதிரி தோன்றும், உண்மையில் அவருக்கு எதிரானது அதுதான். தினமும் கொடுத்தால்கூட இந்தப் பழக்கத்தை விடுவிப்பது இதைவிட எளிது.

இந்த இடத்தில் நீங்களும் தப்ப முடியாது. கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: முக்கியமான போன் வந்தால் குரைப்பை நிறுத்த ஒரு பிஸ்கட் போடுவீர்களாம். ஜிம்மி அதைப் படிக்கும் விதம் வேறு. அம்மா அந்தக் கருவியைக் காதில் வைத்தால் குரைக்க வேண்டும், குரைத்தால் பிஸ்கட் வரும். நீங்கள் ஒரு பழக்கத்தை மிக ஒழுங்காக, ஒரு நாளும் தவறாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்றால் அது இதுதான். கோபப்பட வேண்டாம், எனக்குத் தெரிந்து எல்லா வீடுகளிலும் கறாரான ஆளுக்கும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. போன் வருவதற்கு முன்பே, அவன் அமைதியாக இருக்கும்போது, மெல்ல ஏதாவது கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுப் போனை எடுங்கள், பிஸ்கட் அதேதான், வருகிற நேரம்தான் வேறு.

அப்புறம் சொற்கள். நீங்கள் "டவுன்" என்றால் படுத்துக்கொள். உங்கள் கணவர் "டவுன்" என்றால் சோபாவை விட்டு இறங்கு. மகன் மேலே தாவியவனைப் பார்த்து "டவுன், டவுன்" என்கிறான், அதற்கு அர்த்தம் காலை எடு. மாமனார் "கீழே போ" என்கிறார். நாய்க்கு மொழி இல்லை, ஒலி மட்டும்தான். ஒரே ஒலிக்கு மூன்று அர்த்தம், ஒரே வேலைக்கு மூன்று ஒலி. இதில் அவன் உண்மையாகவே குழம்பலாம், ஆனால் குழம்பியது சட்டத்தால் அல்ல, சொல்லால். அதனால் முதல் வேலை ஒரு தாள் எடுத்து எழுதுவது. உட்கார், படு, இறங்கு, விடு, வா. ஐந்து சொல் போதும், பத்து வேண்டாம். எந்த மொழியில் என்பது முக்கியமில்லை, ஐந்தும் காதுக்கு வேறுவேறாகக் கேட்க வேண்டும், ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான் இருக்க வேண்டும். "வா" மட்டும் புனிதமான சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டவோ திட்டவோ நகம் வெட்டவோ அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது, நீங்களே எழுந்து போய்க் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கை அசைவையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. பெரும்பாலான நாய்களுக்குக் கையைப் பார்ப்பது காதால் கேட்பதைவிட எளிது, தவிர மாமனாரின் குரலும் மகனின் குரலும் ஒன்றாகாது, கை ஒன்றாகும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, எல்லோரையும் ஒரே மாதிரி நடக்க வைப்பது எப்படி. உண்மையைச் சொல்கிறேன், இத்தனை வருடத் தொழிலில் ஒரு வீட்டிலும் நான் அதைச் சாதித்ததில்லை. என் வீட்டிலேயே முடியவில்லை. ஊருக்கெல்லாம் நாய்ப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டு நாய், நான் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் நேரே என் அம்மாவின் நாற்காலிக்கடியில் போய்ப் படுத்துவிடும். அம்மாவைக் கேட்டால் "நான் எதுவும் கொடுக்கலையே" என்பார், நாய் வாயை நக்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டு ஒரு நாள் யோசித்தேன், நான் நாயைப் பழக்குகிறேனா அம்மாவைப் பழக்குகிறேனா என்று. அன்றோடு பத்துச் சட்டத்தை மூன்றாகக் குறைத்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மூன்றே மூன்று சட்டங்களில் ஐந்து பேரும் ஒன்றாக நிற்கட்டும், மற்றதில் விட்டுக்கொடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு: மனிதர்கள் மேல் தாவக்கூடாது, வாசல் கதவு திறந்தால் சொல்லாமல் வெளியே பாயக்கூடாது, சாப்பாட்டு மேசையிலிருந்து எதுவும் போகக்கூடாது. முதலாவது குழந்தைக்காக, இரண்டாவது அவன் வண்டியில் அடிபடாமல் இருக்க, மூன்றாவது அவன் வயிற்றுக்காக. கவனியுங்கள், சோபா இந்தப் பட்டியலில் இல்லை.

சோபா என்பது உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் நடுவில் உள்ள விஷயம், நாயை அதில் இழுக்காதீர்கள். நாய் சோபாவில் ஏறினால் வீட்டையே ஆளப் பார்க்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது மெத்தென்று இருக்கிறது என்பதற்காக ஏறுகிறது. நிபந்தனையோடு கூடிய அனுமதியை நாய்கள் நன்றாகப் புரிந்துகொள்ளும், அந்த நிபந்தனை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் விஷயம். ஒரு பழைய போர்வையை எடுத்து வையுங்கள். போர்வை விரித்திருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் கிடையாது. உங்கள் கணவருக்கு ஆசை இருந்தால் அவரே எழுந்து போர்வையை எடுத்து விரிக்கட்டும், வெள்ளைச் சட்டை நாளில் விரிக்காமல் இருக்கட்டும். இதில் ஜிம்மியும் தெளிவாக இருப்பான், உங்கள் சோபா உறையும் பிழைக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவன் சோபாவில் இருக்கும்போது யாராவது பக்கத்தில் வந்தால் உறுமுகிறான் என்றால் போர்வை கீர்வை எல்லாம் கிடையாது, அன்றோடு சோபா மூடல், நேரில் பார்க்க ஒரு பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். உறுமியதற்காக அடிக்கவோ திட்டவோ வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை மணி, மணியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் அடுத்தது சத்தமே இல்லாமல் கடிதான்.

மாமனார் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அவர் உங்களை எதிர்க்க வேண்டும் என்று கொடுக்கவில்லை. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர், பேரப்பிள்ளைகள் பள்ளியில், மகன் வேலையில், ஜிம்மி ஒருவன்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பார்வைக்கு அவர் கொடுக்கிற விலை தட்டில் இருக்கும் ஒரு துண்டு. "கொடுக்காதீர்கள் மாமா" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கேட்பது "அவன் உங்களைப் பார்க்க வேண்டாம்" என்பதுதான். அதனால் தடை போடாதீர்கள், வேலை கொடுங்கள். காலையில் ஜிம்மியின் அன்றைய சாப்பாட்டை அளந்து வைக்கும்போதே அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, மேசையிலிருந்து தள்ளிப் போடப்பட்ட ஒரு சின்னப் பாயில் ஜிம்மி படுத்திருந்தால், அவர் போய் அந்தப் பாயிலேயே அதை வைப்பார். அவர் மட்டும்தான் அதைச் செய்வார், நீங்கள் கூடச் செய்யக்கூடாது. சில நாளில் ஜிம்மி நாற்காலியை விட்டுவிட்டுப் பாயில் காத்திருப்பான், பார்ப்பதும் அவரைத்தான் பார்ப்பான். டப்பாவுக்கு வெளியே பிஸ்கட், ட்ரீட் என்று நாள் முழுக்க எல்லோரும் கொடுப்பதெல்லாம் சேர்ந்து அவனுடைய ஒரு நாள் உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. லாப்ரடார்கள் சுலபமாகக் குண்டாகும், மூட்டு போய்விடும்.

எது கொடுக்கக்கூடாது என்பதை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள், கால்நடை மருத்துவரைச் சொல்ல வையுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது மாமனாரையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் அது கண்டிப்பு, டாக்டர் சொன்னால் அது தகவல். அவர் வாயிலிருந்து வர வேண்டியவை இவை: சாக்லேட், திராட்சையும் உலர்திராட்சையும், வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகச் சில சூயிங்கம் மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால், இவை நாய்க்கு விஷம். சமைத்த எலும்பு விஷமில்லை, ஆனால் சிலாம்பாக உடைந்து தொண்டையையோ குடலையோ குத்தும். திராட்சை விஷயத்தில் எவ்வளவு தின்றால் ஆபத்து என்று பாதுகாப்பான அளவே கிடையாது, சில நாய்களுக்குக் கொஞ்சமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இதை ஒருமுறை டாக்டர் மேசையில் கேட்ட மனிதர் மறுபடி மேசைக்கடியில் கையை நீட்டினால்கூட அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்ப்பார்.

தாவுவது. இதில் மகனைத் திட்டிப் பயனில்லை, 13 வயதுப் பையனுக்கு நாயோடு உருளுவதைவிட வேறென்ன சந்தோஷம். விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், அதற்கு ஒரு வாசலும் ஒரு பூட்டும் வையுங்கள். இழுத்து விளையாடும் கயிற்றுப் பொம்மை ஒன்று கையில் வந்தால்தான் ஆட்டம், "ஆடலாம்" என்றால் ஆரம்பம், "போதும்" என்றால் பொம்மை பைக்குள் போய்விடும், ஆளும் சிலை. பல் தோலில் பட்டாலோ கால் தோளுக்கு வந்தாலோ அந்த நொடியே "போதும்". இதைப் பையன்கள் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், விளையாட்டு விதி என்று வந்துவிட்டால் அவர்கள் நடுவர் மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் நுழையும் நேரத்துக்கு வேறு முறை. நாய் தாவும்போது நாம் என்ன செய்கிறோம்? கையால் தள்ளுகிறோம், பெயர் சொல்லிக் கத்துகிறோம், முகத்தைப் பார்க்கிறோம். இவை மூன்றும் நமக்குத் தண்டனை, அவனுக்கு விருந்து. தள்ளுவது விளையாட்டு, கத்துவது பதிலுக்குக் குரைப்பது. அதனால் தாவினால் கை கட்டித் திரும்பி நில்லுங்கள், வாய் பேசாதீர்கள். ஆனால் இது பாதிதான், பலரும் இந்தப் பாதியோடு நிறுத்திவிட்டு "பலிக்கவில்லை" என்கிறார்கள். நான்கு காலும் தரையில் இருக்கிற அந்த ஒரு நொடியைப் பிடித்து, இரண்டு மூன்று துண்டு தீனியைத் தரையில் போடுங்கள். கையில் கொடுத்தால் முகம் மேலே வரும், தரையில் போட்டால் மூக்கு கீழே போகும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா எப்போதும் இருக்கட்டும். தீனி ஒரு நொடிக்குள் விழ வேண்டும். பையைத் துழாவி எடுப்பதற்குள் அவன் மறுபடி தாவியிருந்தால் நீங்கள் தாவியதற்குத்தான் கூலி கொடுக்கிறீர்கள்.

மகளிடம் இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அவளுக்கு ஒரே வேலை: ஜிம்மி ஓடி வந்தால் மரமாகிவிடு. கை மார்புக்கு, கண் தன் காலைப் பார்க்க, சத்தமில்லாமல் நிற்க வேண்டும். ஓடினால் துரத்துவான், கத்தினால் இன்னும் எழும்புவான். ஜிம்மி இல்லாதபோதே இதை ஒரு விளையாட்டாக நாலைந்து தடவை பழக்குங்கள், நீங்களே நாயாக நடியுங்கள். கயிறு பிடிக்கும் பெரியவர்தான் பாதுகாப்பு, மரமாக நிற்பது கூடுதல் வசதி, இந்த வரிசையை மாற்றிவிடக்கூடாது.

வாசல் கதவுக்குப் பயிற்சியைவிட ஒரு குட்டைத் தடுப்புக் கேட் நல்லது. என் தொழிலுக்கு நானே எதிரியாகச் சொல்கிறேன், நாயைத் திருத்துவதைவிட இரண்டாவது கதவைச் சாத்துவது சுலபம், யார் மறந்தாலும் கேட் மறக்காது.

உங்கள் சொல்லை மட்டும் ஏன் கேட்கிறான்? நீங்கள் கறாராக இருப்பதால் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள், கூலியும் கொடுத்தீர்கள், அதனால்தான். மற்றவர்கள் சொல்லிக்கொடுக்காமலே உத்தரவு போடுகிறார்கள். அதோடு, நாய்க்கு ஒரு பாடத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது கஷ்டம். சமையலறையில் நீங்கள் நின்றுகொண்டு சொன்ன "உட்கார்" வேறு, கூடத்தில் உங்கள் கணவர் சாய்ந்துகொண்டு சொல்லும் "உட்கார்" வேறு. அவருக்கு அவன் கீழ்ப்படியவில்லை என்று அவர் எடுத்துக்கொள்கிறார், அவனுக்கு அந்தப் பாடமே இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும், மூக்குக்கு நேரே தீனியைக் காட்டி மேலே தூக்கி உட்கார வைப்பதிலிருந்து. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்காதீர்கள். இருந்தால் "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்லாமல் உங்களால் இருக்க முடியாது, உங்கள் கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது.

கணவரைப் பற்றி இன்னும் ஒன்று. செருப்பைக் கடித்த அன்று மாலையில் வந்து அவர் செருப்பைக் காட்டித் திட்டினார், அவனும் தலையைக் குனிந்து காதை மடித்து "தப்புத்தான்" என்பது போல் நின்றான், தப்பு என்று தெரிந்தே செய்கிறான் பார் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இந்தக் குற்ற முகத்தைச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாததை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை, எஜமானர் திட்டினாரா இல்லையா என்பதற்குத்தான் சம்பந்தம். தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களும் அதே முகத்தைத்தான் காட்டின. ஜிம்மி காட்டியது குற்ற உணர்ச்சி இல்லை, "கோபப்படாதே" என்ற வேண்டுகோள். மணிக்கணக்கில் முன்பு கடித்த செருப்பை அவன் இந்தத் திட்டோடு முடிச்சுப் போட மாட்டான். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் இருப்பது போல நாமும் அடக்கி வைக்க வேண்டும் என்று உங்கள் கணவர் சொல்கிறார் இல்லையா, அந்தக் கருத்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பார்த்த பிறகு 1999இல் தானே திருத்தி எழுதினார்: காட்டில் ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களின் பிள்ளைகள். இதை உங்கள் கணவரிடம் வாதத்துக்காகச் சொல்லாதீர்கள், இந்தப் பக்கத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். செருப்பை அலமாரியில் வைத்தால் போதும், சித்தாந்தம் தேவைப்படாது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மேசையிலிருந்து எதுவும் வராது என்று ஆரம்பித்ததும் முதல் சில நாட்கள் ஜிம்மி முன்னைவிட மோசமாவான். முனகுவான், குரைப்பான், மாமனாரின் முழங்காலில் கால் வைத்துச் சுரண்டுவான். தானியங்கி இயந்திரத்தில் காசு போட்டும் பொருள் விழாவிட்டால் நாம் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, அப்புறம் இயந்திரத்தையே ஓர் உதை விடுகிறோமே, அதுதான் இது. பழக்கம் சாகும் முன் ஒருமுறை துள்ளும். பெரும்பாலான வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் "ஐயோ, அழுகிறான்" என்று ஒரு துண்டைப் போட்டுவிடுவார், அவன் கற்றுக்கொள்வது இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை. அதனால் அந்த நாட்களில் சாப்பாட்டு நேரத்துக்கு அவனைப் பாயில் கயிற்றோடு கட்டி, கடிக்க ஏதாவது கொடுத்து வையுங்கள், அல்லது வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மாமனாரின் மனவலிமையைச் சோதிக்க வேண்டாம். அடங்கிய பழக்கம் சில வாரம் கழித்து ஒரு நாள் திடீரென்று எட்டிப் பார்க்கும், அதுவும் வழக்கம்தான், பதறாமல் அதே முறையைத் தொடருங்கள். யாராவது வழுக்கினால் அன்றைக்குச் சண்டை வேண்டாம், சாப்பாட்டு மேசைச் சண்டையின் சத்தத்தில் நாயும் பதறும், குற்றவாளியும் அடுத்த முறை ஒளித்துக் கொடுப்பார்.

வேறு வீட்டுக்குக் கொடுப்பதைப் பற்றி: 11 மாதம் என்பது நாயின் விடலைப் பருவம், ஆறு மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரைக்கும்கூடப் போகும். கற்றதையெல்லாம் மறந்தது போல நடக்கிற காலம், நாய்களைக் கைவிட நினைப்பவர்கள் பலரும் நினைப்பது இந்த வயதில்தான். அவன் கடிக்கவில்லை, உறுமவில்லை, ஆசையில் தாவினான். மூன்று சட்டத்தையும் ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அதற்குள் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாக மகள் காதில் விழும்படி. தன் உதட்டால்தான் ஜிம்மி போகிறான் என்று அவள் நினைத்துவிட்டால் அந்தத் தையல் பிரிக்க நாளாகும்.

அந்தத் தாளை, ஐந்து சொல்லும் மூன்று சட்டமும் உள்ள தாளை, அவளையே எழுதச் சொல்லுங்கள். கலர் பென்சிலில் எழுதட்டும், எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டாம், மாமனாரின் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் அவர் கண்மட்டத்தில் ஒட்டட்டும். நீங்கள் எழுதி ஒட்டினால் அது இரண்டே நாளில் சுவரோடு சுவராகிவிடும். உதட்டில் தையலோடு ஒரு பேத்தி எழுதி ஒட்டினதைப் பார்த்துக்கொண்டே மேசைக்கடியில் கையை நீட்ட அவருக்கு மனசு வராது.